மாமன் மடியும் அரை வேகன் கரியும்

ரயில்வேக்காரர்களின் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேகனில் பாதி நிலக்கரி ஏற்றினாலும் முழு வேகனுக்குத்தான் கட்டணம். அந்தச் சட்டம் மட்டும் இல்லையென்றால், என் வீட்டுக்காரரும் என் அண்ணன் குப்பண்ணனும் அந்த 1974-இல் ஒரே இடத்தில் நின்றிருக்கவே மாட்டார்கள்.

இருவருக்கும் செங்கல் சூளை. ஆளுக்கு அரை வேகன் கரி போதும், அதனால் வேகனில் மட்டும் கூட்டு. நீரடித்து நீர் விலகாது என்பார்கள். இவர்களோ வாய்க்கால் நீருக்காகவே அடித்துக்கொண்டு விலகியவர்கள். இரண்டு வருடமாகப் பேச்சில்லை. "உங்கொண்ணன் எம்பட ஊட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று இவர் சொல்லிவிட்டார். எங்கள் மகள் மயிலாத்தாளுக்கு மூன்று வயதாகியும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது? எனக்கு இருப்பது ஒரே அண்ணன். வேறு யார் மடியிலும் அவளை உட்கார வைக்க மனம் வரவில்லை.

மாசியில் ஒரு நாள் காலை, கேரள எல்லைக்குள் இருக்கும் முதலமடை ஸ்டேஷனுக்கு வேகன் வந்தது. மதியத்துக்குள் இறக்காவிட்டால் டெமரேஜ் என்று அபராதம் ஏறும். முகூர்த்த நாள் என்பதால் சுமைக்காரர்கள் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல் சூளை முதலாளிகள் இருவருமே மண்வெட்டி எடுத்தார்கள். இந்த மூலையில் ஒருவர், அந்த மூலையில் ஒருவர்.

செய்தி கேட்டதும் காது குத்தும் ஆசாரியையும் மகளையும் கூட்டிக்கொண்டு, தேங்காய்ப் பழத்தட்டோடு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

"ஏனுங்க, இது நம்ம ஊடு இல்லீங்களே? ரயில்வே எடந்தானுங்க?"

"உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது?" என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

அண்ணன் கைகளை வேட்டியில் துடைத்தார். வேட்டி கையைவிடக் கறுப்பு. வேகன் நிழலில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். காது குத்தியதும் மயிலா அலறி, மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அழுது அழுது மடியிலேயே தூங்கிவிட்டாள். பாவாடை முழுக்கக் கரி.

ஸ்டேஷன் மாஸ்டர் வந்து எட்டிப்பார்த்து, இன்னும் ஒரு மணி நேரந்தான் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் பாதி இறங்கியிருந்தது. அண்ணன் பங்கில் பெரும்பகுதி அப்படியே கிடந்தது.

"அம்மிணி, புள்ளையப் புடி" என்று அண்ணன் எழப் பார்த்தார்.

அதற்குள் இவர் அந்த மூலைக்குப் போய்விட்டார். கரியை வாரிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"உக்காருங்க மச்சா. எந்திரிச்சா புள்ள முழிச்சுக்கும்."

"செரிங்க மாப்ள" என்றார் அண்ணன்.

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூடையோடு வேகனில் ஏறினேன். அந்த மனுஷன் மேல் அன்றைக்கு வந்த ஆசை, கல்யாணத்தன்றுகூட எனக்கு வந்ததில்லை.