மேலே ஒரு பிடி

என் அண்ணன் நிஸ்தார் நானா தராசில் பொய் செய்து ஆளை ஏமாற்றினார் என்று சொன்னால் கலேவெல சந்தையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். முப்பது வருடமாக அங்கே மரக்கறி வியாபாரம் செய்கிறார். கத்தரிக்காயோ வெங்காயமோ, சரியாக நிறுத்துக் கொடுத்த பிறகு கைநிறைய ஒரு பிடி அள்ளி மேலே போடுவார். "நிறுத்தது கடமை, போட்டது சந்தோஷம்" என்பார். அப்படிப்பட்ட மனிதர் என்னை ஏமாற்றினார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று மாதம்.

நானாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறி மாத்தளைக்கு வந்து, ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் முடித்து, பின்னேரம் வரை என் வீட்டில் படுத்திருந்துவிட்டுப் போவார். குடும்பத்தில் எல்லோரையும் சோதித்துப் பார்த்ததில் என்னுடைய சிறுநீரகம்தான் பொருந்தியது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். டொக்டர் என்னை நிறுத்துப் பார்த்து அந்த அழுகையை அடக்கினார். எண்பத்திரண்டு கிலோ. எழுபத்திரண்டுக்கு இறங்கினால்தான் வெட்டலாம், இல்லாவிட்டால் எனக்கும் ஆபத்து என்றார். மூன்று மாதத் தவணை தந்தார்.

பத்துக் கிலோ! தெருமுனைக் கடைக்குக்கூட த்ரீவீலில் போகிறவள் நான்.

அடுத்த கிழமையே நானா தன் கடையில் மூட்டை நிறுக்கும் டிஜிட்டல் தராசைக் கொண்டுவந்து என் குசினி மூலையில் வைத்தார்.

"பாமசித் தராசுல ஏறி ஊர்க் கண்ணுல படத் தேவல்ல, தங்கச்சி. இது கடைத் தராசு. பொய் சொல்லாது."

எனக்கு மனம் உருகிவிட்டது. என் குணம் தெரிந்த நானா. மருந்துக்கடைக்காரன் முன்னால் ஏறி நிற்க எனக்கு வெட்கம்.

விடியச் சுபஹ் தொழுததும் நடை. என் கணவர் ரவூப்பும் கூட வருவார். முதல் நாள் ரயில் நிலையம் வரை போனேன், திரும்பி வர ஏலாமல் த்ரீவீல் பிடித்தேன். பத்தாம் நாள் போய்த் திரும்பினேன். ஒரு மாதத்தில் இரண்டு தரம் போய்த் திரும்பினேன். சீனியை விட்டேன், சோற்றைப் பாதியாக்கினேன். பக்கத்து வீட்டுக் கலியாணத்தில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் பிரியாணி சாப்பிட, என் பக்கத்துக் கோழித்துண்டை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டு வெறும் சலாதை மென்றேன். என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய தியாகம் செய்ததில்லை.

மழை பெய்த நாளும் முழங்கால் வலித்த நாளும் உண்டு. போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது, ஊசி ஏறி ஏறி முடிச்சு விழுந்த நானாவின் கை நினைவுக்கு வரும். எழுந்துவிடுவேன்.

ஆனால் தராசுக்கு இரக்கமே இல்லை. முதல் மாதம் எண்பது காட்டியது. பிறகு எண்பதரை, எண்பத்தொன்று, எண்பத்தொன்றரை. நடக்க நடக்க ஏறியது.

"அபாயா தொள தொளண்டு தொங்குது, ஸுலைஹா. மெலிஞ்சிருக்கீங்க" என்பார் ரவூப்.

"கண் டெஸ்ட் பண்ணுங்க" என்பேன். ஆறுதல் சொல்லுகிறார் என்று எரிச்சல் வரும். கடைத் தராசு பொய் சொல்லாதே.

நானா வரும் நாளில் படுக்கப் போகுமுன் அந்தத் தராசைக் குனிந்து துடைப்பார். தூசி பிடித்தால் பிழையாகக் காட்டும் என்பார். வியாபாரி கண்ணுக்கு அழுக்குத் தராசு பொறுக்காது போல என்று நினைத்தேன்.

கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்கும்போது ஏறிப் பார்த்தேன். அதே எண்பத்தொன்றரை. இறங்கி, குசினித் தரையில் உட்கார்ந்து அழுதேன். வயிற்றுக்குள் நானாவுக்கான மருந்தை வைத்துக்கொண்டு கொழுப்பால் அதைப் பூட்டி வைத்திருக்கிறேனே என்று என்மேலேயே ஆத்திரம். நாளை முதல் நடையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து ரவூப் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையுடன் வந்தார். வழியில் நான் உட்கார்ந்திருந்ததால் மூட்டையைத் தராசின் மேலேயே இறக்கினார். எண் மின்னியது. இருபத்தெட்டரை.

"கடைக்காரன் மூணரைக் கிலோ கூடப் போட்டிருக்கான்" என்று அவர் சிரித்தார்.

"வாய் தைச்ச மூட்டைக்குள்ள யாரு கூடப் போடுறது?" என்று கேட்ட வாய் அப்படியே நின்றுவிட்டது. நிறுத்த பிறகு கூடப் போடும் ஒரே ஒரு ஆளை எனக்குத் தெரியும்.

மறுநாள் நானா டயாலிசிஸ் முடிந்து முகம் வெளிறி வந்தார். பிளேன்டீ கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். எனக்கு அதுவே பெரிய பொறுமை. பிறகு மூட்டையைத் தராசில் ஏற்றிக் காட்டினேன். எண்ணைப் பார்த்தார். தலை குனிந்தார்.

"வாப்பாட மகன் நிறையில மோசம் செய்வாரா, நானா?"

"கிலோவுக்கு நூத்திநாப்பது கிராம் கூட்டித்தானே காட்டினேன். கொறைக்கல்லயே" என்றார். அந்த நிலையிலும் வியாபாரப் பேச்சு. சிரிப்பும் வந்தது, அடிக்கவும் வந்தது.

"ஏன் செஞ்சீங்க?"

"நீ மூணு புள்ளைக்கு உம்மா. எனக்கு அறுவது ஆகப் போகுது. எனக்காக ஒன்ன மேசையில போட்டு வெட்டுறத நான் எப்படிப் பாக்குறது? வேணாமுண்டா நீ கேக்க மாட்டே. நிறை கொறையல்லண்டா டொக்டரே வேணாமுண்டு சொல்லுவாங்கண்டு பாத்தேன்." காலிக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஒவ்வொரு நாளும் நீ நடக்குறதா ரவூப் சொல்லுறப்ப எனக்கு ஒறக்கம் போச்சு."

மூன்று மாதம் நான் எதற்காக நடந்தேனோ, அதற்காகவே அவரும் துடைக்கும் சாக்கில் தராசின் கணக்கைத் திருப்பியிருக்கிறார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நானா, ஒரு கிட்னி என்ன நிறை வரும் தெரியுமா? டொக்டர்ட்ட கேட்டேன். நூத்தம்பது கிராம்தானாம். ஒரு பிடி." என் கையைக் குவித்துக் காட்டினேன். "முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் போடுறீங்க. நான் போட்டா மட்டும் வாங்க மாட்டீங்களா?"

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து, தராசின் அடியிலிருந்த பொத்தானைத் தேடி அழுத்தினார். மூட்டையை வைத்து எண்ணை இருபத்தைந்துக்குக் கொண்டுவந்தார். ரவூப் மூட்டையை இறக்கினார்.

"ஏறு" என்றார் நானா.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

"எழுபத்தொன்றரை" என்றார் நானா, சந்தையில் மூட்டை நிறை சொல்லும் அதே சத்தமான குரலில்.

கண்ணைத் திறந்தேன். அவர் கண்ணீரைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"வாங்கிக்கிறேன், தங்கச்சி" என்றார்.