பட்டணத்துக்கு எடுத்த ஆள்

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை. செங்கல்பட்டில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். பெயர் தர்மராஜ். வயது இருபத்திரண்டு. நல்ல உயரம், விந்தி விந்தி நடந்தார். "பாஸ்கெட்பால் ஆடுவீங்களா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மைதானத்தின் மேல் பொன்மாலை வெயில்...' (அடித்துவிட்டேன். அவர் ஆடியது உச்சி வெயிலில்.)

1954இல் தர்மராஜின் பள்ளி டிரில் மாஸ்டர் வேதாந்தத்துக்கு ஒரே ஆசை: தான் பழக்கும் பையன்களில் ஒருவனைப் பட்டணத்துப் பெரிய டீம் எடுக்க வேண்டும். எடுத்தால் உத்தியோகமும் நிச்சயம். அதனால் சித்திரை, ஐப்பசி, பொங்கல் என்று எதற்கும் ஓய்வில்லை. பள்ளி லீவு விட்டால் மகாபலிபுரம் மணலில் ஓட்டம். தர்மராஜின் முட்டி வீங்கிய பிறகும்.

"ரெண்டு மாசம் வூட்ல கெடந்துட்டு வர்றேன் சார். காலு பேஜாரா கீது."

"அந்த நேரம் பார்த்து செலக்டர் வந்தா யாரைக் காட்டுவேன்? துணியைக் கட்டிண்டு ஆடுடா."

(வேதாந்தத்தைக் கொடுமைக்காரராக எழுதப் பார்த்தேன். முடியவில்லை. அந்த முட்டிக்குத் தினமும் எண்ணெய் தேய்த்துவிட்டவர் அவர்தான்.)

3

மறுவருஷம் தையில் செலக்டர் வந்தார். தர்மராஜ் எம்பிப் போட்ட பந்து கூடையில் விழுந்தது. அவனும் விழுந்தான். எழுந்திருக்க முடியவில்லை.

செலக்டர் முட்டியை அமுக்கிப் பார்த்தார். "இது தேறாது." பிறகு மாஸ்டரிடம் திரும்பினார். "ஆனா ஆட்டம் படு சுத்தம். நீங்களா சொல்லிக் குடுத்தது?"

பட்டணத்துக்கு ஆள் எடுத்தார்கள். மாஸ்டரை.

4

இங்கேயே முடித்திருக்கலாம். உங்களுக்கும் ஒரு 'அடடா' மிஞ்சியிருக்கும். ஆனால் நாலு வருஷம் கழித்து வேதாந்தம் திரும்பி வந்தார், செலக்டராக. தர்மராஜின் தம்பி எல்லப்பன் அண்ணனைவிட உயரமாக வளர்ந்திருந்தான்.

"அவனை அனுப்பு, தர்மா. ஹாஸ்டல் இருக்கு. வருஷம் முழுக்க ஆடலாம்."

முடிவு அ: தர்மராஜ் மாஸ்டரை வாசலோடு துரத்துகிறார். (எனக்குப் பிடித்தது. பொய்.)

முடிவு ஆ: தம்பியே மறுக்கிறான். (அவன் அதற்குள் டிரங்குப் பெட்டியைத் தூசு தட்டி வைத்துவிட்டான்.)

நடந்தது இது. தாய் பூவாயி மூத்த மகனைப் பார்த்தாள். "இங்க இன்னா கீது அவனுக்கு? உன்னாட்டம் குந்திகினு இருக்கணுமா?"

தம்பியைத் தர்மராஜே ரயிலேற்றிவிட்டார்.

5

"தம்பி எப்படி இருக்கான்?" என்றேன்.

"போன வாரம் வந்தான் சார். 'காலு எப்டிடா கீது?'ன்னேன். 'ஒண்ணியும் இல்லண்ணா'ன்னான்." மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நானும் எங்கம்மாவாண்ட அப்டித்தான் சொல்லிகினு இருந்தேன்."

எல்லப்பன் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறான். முடிவு எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் எழுதுங்கள். உங்களுக்கு அவன் யாரோதானே.