நாற்காலியில் வெள்ளையாக அப்பா

மகள் கண்காட்சிக்காகச் செய்துகொண்டிருந்த படைப்பு கேட்பதற்கு எளிமையானது. ஒரு கேமரா அறையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அசைகிற எதையும் பக்கத்துத் திரையில் வெள்ளையாகத் தீட்டும். அதுவே சற்று நேரம் அசையாமல் இருந்தால், சுவரோடும் மேசையோடும் சேர்த்து அறையின் பாகமாக எண்ணி இருட்டாக்கிவிடும்.

அம்மா அப்பா வீட்டு முன்னறை அலமாரியில் கேமராவைப் பொருத்தித்தான் அதைச் சோதித்துப் பார்த்தாள். அப்பாவைப் போல அசையாமல் உட்கார யாரால் முடியும்? துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆயுளில் பாதியை அந்தரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தே கழித்தவர். ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் வந்து உட்காரும்போது திரையில் வெள்ளையாக இருப்பார். கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக் காணாமல் போய்விடுவார்.

"உன் மெஷினுக்கு நானும் நாற்காலியும் ஒண்ணாயிட்டோம், குட்டிப் பிசாசே," என்று சிரிப்பார். சிரித்ததும் வயிறு மட்டும் வெள்ளையாகக் குலுங்கும்.

அப்படி அவர் மறைந்திருந்த ஒரு மாலையில் மகள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேலை விஷயமாக வெளியூர் கிளம்பிப் போனாள். அந்த வாரமே அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரைகூடத் தாங்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, கை சும்மா இருக்கப் பிடிக்காமல் மகள் இயந்திரத்தை ஓடவிட்டாள். அதன் பழைய நினைவை அழிக்க மறந்துவிட்டாள். இயந்திரத்தின் கணக்கில் அந்த நாற்காலியில் அப்பா இருக்க வேண்டும். இல்லை. ஏதோ மாறியிருக்கிறதே என்று, மாறிய இடத்தை மட்டும் அது வெள்ளையாகத் தீட்டியது. வழுக்கைத் தலை, சரிந்த இடது தோள், தொடைமேல் வைத்த கை.

அவளுக்குக் காரணம் தெரியும். தெரிந்து என்ன? திரையில் அந்தத் தோளைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் காலி நாற்காலிக்கும் இது பழகிவிடும், அப்பா மங்கிவிடுவார் என்பதும் தெரியும். யோசிக்கவேயில்லை. இனி எதையும் புதிதாகக் கற்காதே என்று அதைப் பூட்டிவிட்டாள். திரும்பினால், பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

அன்றோடு அந்த அறை உறைந்துபோனது. வெளிச்சம் மாறினால் மாறிய இடமெல்லாம் வெள்ளையாகும், அப்பா அதில் மூழ்கிவிடுவார். அதனால் ஜன்னல் திரைச்சீலையை அம்மா இழுத்து மூடினாள். பகலிலும் ஒரே விளக்கு. பெருக்குவது நின்றது. யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுவாள். ஒருநாள் ஆசைப்பட்டு, அந்த மாலையில் அவர் போட்டிருந்த சாம்பல் நிறச் சட்டையை நாற்காலியில் சாய்த்து வைத்தாள். இயந்திரத்துக்கு அந்த இடம் பழையபடியே இருப்பதாகத் தோன்றியிருக்க வேண்டும், வெள்ளை மார்பில் கறுப்பாக ஓர் ஓட்டை விழுந்தது. அம்மா பதறிப்போய்ச் சட்டையை எடுத்துவிட்டாள்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடியே அவரோடு பேசுவாள். பேச்சும் நாளுக்கு நாள் குறைந்தது. அசைவதும் குறைந்தது. தட்டில் வைத்த சோறு வைத்தபடி காய்ந்தது. இருவரில் யார் உயிரோடு இருப்பவர் என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மகளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"அம்மா, பூட்டை எடுக்கப்போறேன்."

"எடுத்தா?"

"மெதுவா மங்கிடுவாரு."

"ரெண்டாவது தடவையும் அவரை வழியனுப்பச் சொல்றியா?"

"முதல் தடவை யாருமே வழியனுப்பலையேம்மா. அப்பா சாஞ்சப்ப நீ அடுப்படியில இருந்த. நான் ஊர்லயே இல்ல."

அம்மா திரையில் அப்பாவின் உருவத்தைப் பார்த்தாள். பிறகு, "சரி, எடு. நான் கூடவே உக்காந்திருக்கேன்," என்றாள்.

மகள் பூட்டை எடுத்தாள். திரையில் இரண்டு வெள்ளை உருவங்கள். அம்மா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். அப்பாவின் தோள் மங்கியது. அம்மாவின் தோளும் மங்கியது.

"அம்மா, கையையாவது அசைம்மா."

"சும்மா இருடி. அவரைத் தனியா அனுப்பச் சொல்றியா?"

திரை முழுக்க இருண்டது. திரும்பி அம்மாவை நேரில் பார்க்க மகளுக்குத் துணிவு வரவில்லை. மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை.

நாற்காலி கிறீச்சிட்டது. திரையில் அம்மா வெள்ளையாக எழுந்து நடந்தாள். அவள் விட்டு வந்த நாற்காலியிலும் இன்னொரு அம்மா, கைகளைக் கோத்தபடி, வெள்ளையாக உட்கார்ந்திருந்தாள்.

அம்மா நின்று, திரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள்.

"அது ஒண்ணுமில்லம்மா, நீ எழுந்ததால இடம் காலியாகி..."

"தெரியுது." அம்மாவின் குரல் உடைந்திருந்தது. "அவ உக்காந்திருக்கட்டும். அவருக்கும் துணைக்கு ஒருத்தி வேணுமில்ல."

ஜன்னலுக்குப் போய்த் திரைச்சீலையை விலக்கிவிட்டாள். வெயில் உள்ளே பாய்ந்தது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை திரை வெள்ளையாகிப்போனது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு தூசி பாரு," என்றாள் அம்மா. "தொடப்பத்தை எடுத்துட்டு வா."