நாற்பத்தொன்றாம் குடுவையின் செவ்வாய்க்கிழமை

மூன்றாம் அலமாரியில் இருந்த நாற்பத்தொன்றாம் எண் குடுவை பதினாறு வருடமாக ஒரே செவ்வாய்க்கிழமையின் காற்றைத்தான் விட்டுக்கொண்டிருந்தது. காலை பதினொன்றரைக்கு அதன் பஞ்சு அடைப்பைத் தளர்த்தினால் முதலில் ஈரக் கயிற்று வாசனை வரும். அடுத்து சோப்புப் போட்டு அலசிய சட்டை வாசனை, அதற்குப் பின்னால் தூறல் விழுந்த கல்குவாரித் தண்ணீர். கடைசியாக, குமிழி உடைகிற சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் நிதானமாகச் சொல்லும்: "இன்னும் தெரியுது... இன்னும் தெரியுது." அது படகோட்டியின் குரல். அவர் செத்துப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது.

அந்த நீலப்பச்சைப் பாசி ஆராய்ச்சிக்கூடத்துக்கு மேடம் புதிதாக வந்த வருடத்தில் கல்குவாரியிலிருந்து எடுத்த பாசிதான் அந்தக் குடுவையில் இருந்தது. கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு மேசையெல்லாம் அதைத் தேடுகிற வயது மேடத்துக்கு. குவாரித் தண்ணீருக்குள் வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகிறதென்று பார்க்க, முடிச்சு முடிச்சாகப் போட்ட கயிற்றில் ஒரு வெள்ளைத் தட்டைக் கட்டி இறக்குவார்கள். தட்டு கண்ணுக்கு மறைகிற வரை படகோட்டி "இன்னும் தெரியுது" என்பார், மேடம் முடிச்சை எண்ணுவார். அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் இறக்கினார்கள், பாசியை மொண்டார்கள், கரை வந்தார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு காய்ச்சல் படகோட்டியைக் கொண்டுபோனது. அவர் மனைவிக்கு அங்கேயே குடுவை கழுவுகிற வேலை கொடுத்தார்கள். எல்லோருக்கும் அவர் குடுவையக்கா ஆனார். சேர்ந்த முதல் வாரம் பஞ்சு மாற்றும்போது, தன் கையால் துவைத்த சட்டையின் வாசனையை அவர்தான் முதலில் கண்டார். மேடம் மூன்று கருவி வைத்து அளந்து பார்த்தார். மூன்றும் சாதாரண ஆக்சிஜன் என்றன. மேடம் நோட்டில் "செவ்வாய் தொடர்கிறது" என்று எழுதி, கீழே ஒரு கோடு இழுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். உலகத்துக்கே முதல் மூச்சைக் கொடுத்த பாசிக்கு ஒரு நாளைப் பிடித்து வைத்துக்கொள்வது பெரிய காரியமா என்பது அவர் கட்சி. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த நிபுணர் ஒருவர் இதெல்லாம் மனப்பிரமை என்று அரை மணி நேரம் பேசிவிட்டு, போகும்போது இன்னொரு தடவை மோந்து பார்க்கலாமா என்று கேட்டார்.

அந்தப் பாசியிலிருந்து கொஞ்சம் எடுத்து வேறு குடுவைகளில் வளர்த்தும் பார்த்தார்கள். அவை அந்தந்த நாள் காற்றைத்தான் விட்டன. அதனால் பழைய குடுவைகள் எல்லாம் வெள்ளிக்கிழமை கழுவப் போனாலும், நாற்பத்தொன்றை மட்டும் யாரும் தொடுவதில்லை. உப்புக் கரைசல் ஊற்றி ஊற்றி அப்படியே வைத்திருந்தார்கள். மேடத்தின் தலை நரைத்தது. அக்காவுக்கு முழங்கால் வலி வந்தது. தினமும் பதினொன்றரைக்கு இரண்டு பேரும் டீக் கோப்பையோடு அலமாரி முன்னால் ஐந்து நிமிடம் நிற்பார்கள். அந்த ஐந்து நிமிடமும் மேடத்துக்கு இருபத்தாறு வயது. அக்காவுக்குப் புருஷன் வேலைக்குப் போயிருக்கிறான், அவ்வளவுதான்.

கழுவ வேண்டியதை இடது ஓரத்தில் வைப்பது கூடத்து வழக்கம். அக்கா லேபிள் பார்த்துக் கழுவியதில்லை, இடம் பார்த்துத்தான் கழுவினார். ஒரு வியாழக்கிழமை பெயின்ட் அடிக்க வந்தவர்கள் அலமாரியைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போனார்கள். இடது வலதானது, வலது ஓரத்தில் இருந்த நாற்பத்தொன்று இடது ஓரத்துக்கு வந்தது. பாசியை வேகவைத்துக் கொல்கிற பெரிய பாத்திரமும் அந்த வாரம் பழுது என்பதால், அக்கா வெள்ளிக்கிழமை பதினொரு குடுவையையும் நேரே தொட்டியில் கவிழ்த்தார். ஏழாவதைக் கவிழ்த்ததும் தொட்டிக்குள்ளிருந்து ஈரக் கயிற்று வாசனை எழும்பியது. அவர் குழாயை மூடினார். மூடி என்ன பண்ண, எல்லாம் போயிருந்தது.

"நானே கழுவிட்டேன் மேடம்" என்றார் அக்கா. "என் கையாலயே."

மேடம் பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவினார். "அக்கா, அந்தத் தொட்டித் தண்ணி எங்க போய் விழுது?"

பின்பக்கத் தெருவின் திறந்த சாக்கடையில் விழுந்தது. இந்தத் தடவை கொஞ்சம் எடுத்ததில்லை, முழுப் பாசியும் போயிருந்தது; அங்கே வெயிலும் இருந்தது, உப்பும் இருந்தது. பன்னிரண்டு நாள் இரண்டு பேரும் போய்ப் போய்ப் பார்த்தார்கள். பதின்மூன்றாம் நாள் நீலப்பச்சையாக ஒரு படலம் விரிந்து, குமிழி விடத் தொடங்கியது. அன்றைக்குத்தான் எதிர்க்கடைத் தையல்காரரின் புகாரின் பேரில் சுகாதார மேஸ்திரி ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரோடு வந்து நின்றார். அக்கா சாக்கடைக்குக் குறுக்கே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்கம்மா. நாறுதுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க."

"மணி என்ன?"

"பதினொண்ணு இருபத்தெட்டு."

"ரெண்டு நிமிஷம் நில்லுங்க. அப்புறமும் நாறுச்சுன்னா கொட்டிட்டுப் போங்க."

மேஸ்திரி, இதென்னடா வம்பு என்று மூட்டையின் மேலேயே உட்கார்ந்தார். இரண்டு நிமிடத்தில் தெருவில் அலசிய சட்டை வாசனை நிரம்பியது. தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். "இன்னும் தெரியுது" என்றது சாக்கடை.

"யாரும்மா அது?"

"எங்க வீட்டுக்காரர். தட்டை இறக்கிட்டு இருக்கார்."

மேஸ்திரி குனிந்து பார்த்தார். "எவ்வளவு ஆழம்?"

"அன்னைக்கு நாலு முடிச்சு."

மேஸ்திரி மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டார். லேபிள் இல்லாத எதையும் அடுத்த ஆள் வந்து கழுவிவிடுவான், ஏதாவது எழுதி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மேடம் நாற்பத்தொன்று என்று எழுதிச் சாக்கடைச் சுவரில் ஒட்டினார். அதற்குப் பிறகு அக்கா லேபிளையும் பார்க்கப் பழகிக்கொண்டார்.

இரண்டு பேரும் ஓய்வு பெற்று வருடங்கள் ஆகின்றன. மேடம் தினமும் வருகிறார், டீ வாங்கிக்கொண்டு. அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார். குரல் வந்ததும், "ம், இறக்குங்க" என்பார். தையல்காரர் பதினொன்றே காலுக்கே வெளியில் தொங்கவிட்ட துணிகளை உள்ளே எடுத்துவிடுவார். வெயில் எப்படி அடித்தாலும், அந்த நேரத்துக்கு அவர் கடை வாசலில் மட்டும் ஐந்து நிமிடம் தூறும்.