தொண்டை எலும்பு

கோயாமலை ரயிலில் ஏறியதிலிருந்து என் நாத்தனார் தொமொயே அண்ணி வாயை மூடவில்லை. என் மடியில் வெள்ளைச் சிமிழ். அதற்குள், தகனம் முடிந்து சாம்பலிலிருந்து எடுத்த என் வீட்டுக்காரர் இசாமுவின் தொண்டை எலும்பு; உட்கார்ந்த புத்தர் போலிருக்கும் என்று அதைத் தனியாக எடுத்து வைப்பார்கள். மறுநாள் காலை அதை மலைக்கோயிலில் ஒப்படைக்க வேண்டும். கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பக் கேட்க முடியாது. எனக்கோ கொடுக்க மனசே இல்லை.

"அங்க வந்து அழுது மானத்த வாங்காத ஹருயோ," என்றாள். "எங்க அப்பா அம்மா அஸ்தி இருக்கற எடம். மூத்தவ நான், என் கையாலதான் குடுப்பேன்."

இவளுக்கு நெஞ்சுக்குள் என்னதான் இருக்கிறதோ என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நாங்கள் தங்கிய கோயிலில் எஞ்சுன் என்ற துறவி அறைக்கே சாப்பாடு கொண்டுவந்தார். இருந்தது இரண்டு பேர்; வந்ததோ மூன்று தட்டு. மூன்றாவதைச் சிமிழுக்கு எதிரே வைத்து, சாப்பிடும் குச்சிகளை அதன் பக்கம் திருப்பி, சூட்டு ஆவி இசாமுவுக்குப் போய்ச் சேரட்டும் என்று சூப் கிண்ணத்தின் மூடியையும் எடுத்துவிட்டார். நாங்கள் கேட்காமலே செய்தார். அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

மீன் இல்லாத சோற்றைப் பார்த்தால் இசாமு முகத்தைச் சுளித்திருப்பார் என்றேன். அண்ணி தன் தட்டிலிருந்த, பஜ்ஜி போன்ற பூசணி டெம்புராவை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

காலைப் பூஜை முடிந்ததும் தேவதாரு மரங்களுக்கு நடுவே எஞ்சுன் சாமியோடு நடந்தோம். அஸ்தி மண்டபத்து வாசலில் அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சிமிழை அண்ணியிடம் கொடுத்தேன்.

அவள் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்படியே நின்றாள். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். எஞ்சுன் சாமி செருமவில்லை, அவசரப்படுத்தவில்லை; நீட்டிய கை நீட்டியபடியே நின்றார். அத்தனை பொறுமையை நான் யாரிடமும் கண்டதில்லை.

"கை விரிய மாட்டேங்குதுடி," என்றாள் அண்ணி, எனக்கு மட்டும் கேட்கும்படி. "அவன் பொறந்த அன்னிக்கு மொதல்ல தூக்கினவ நான்."

இத்தனை வருஷமாக இவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேனே, பாவி நான்.

"நான் இருக்கேன் அண்ணி," என்று அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். சிமிழ் சாமியின் கைக்குப் போனது. காலியான கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் தவித்தாள். இரண்டையும் நான் பிடித்துக்கொண்டேன்.