ஜமீனின் ரத்தம்

நாய்களின் இடுப்பு மூட்டு ஏன் பரம்பரையாகக் கழன்றுபோகிறது என்று ஆராய்வதுதான் அவள் வேலை. நொண்டும் குட்டிகளின் வாயில் பஞ்சுக்குச்சியை விட்டு எச்சில் எடுப்பாள். மரபணுவில் கோளாறு எந்த இடத்தில் என்று தேடுவாள். நாய்களுக்காக அவள் அலையவே வேண்டியதில்லை. அண்ணன் உயர்சாதி நாய் வளர்த்து விற்பவன். "எடுத்துக்கோ தங்கச்சி, எல்லாம் சுத்த ரத்தம்" என்று மார்தட்டி அனுப்பிவைத்தான்.

முடிவு வந்தபோது அவளுக்குப் பகீரென்றது. நொண்டிய குட்டிகளின் தாய்வழி, தந்தைவழி இரண்டுமே ஒரே நாயிடம் போய் முட்டின: அண்ணன் ஜமீன் என்று செல்லமாகக் கூப்பிடும் போட்டிகளில் பரிசு வென்ற அவனுடைய ஆண் நாய்.

மனசு கேட்காமல் நேரே போய்ச் சொன்னாள்.

"அத்தனையும் நம்ம ஜமீன்கிட்டயிருந்துதான் வருதா?" அண்ணன் முகம் மலர்ந்தது.

"நோய்ண்ணே வருது! இனி அவனை ஜோடி சேர்க்காதே."

"அவன் குதிரை மாதிரி ஓடறானே!"

"அவன்கிட்ட கோளாறு ஒரு பங்குதான் இருக்கு. அவன் பேத்தியையே அவனுக்குச் சேர்த்தா குட்டிக்கு ரெண்டு பங்கும் வரும். நடக்கவே முடியாது."

அண்ணன் தலையாட்டினான். மறுவாரம் அவன் வாசலில் புதுப் பலகை தொங்கியது: "மரபணு ஆய்வில் இடம்பெற்ற வம்சம்."

"இதுல என்ன பொய்?" என்று அவளையே மடக்கினான். ஜமீனின் குட்டிகள் கண் திறக்குமுன்னே விலைபோயின. அண்ணனைக் காட்டிக்கொடுக்க வாய் வராமல் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் ஆய்வகத் தலைவர் வாயெல்லாம் பல்லாக ஒரு குட்டியை ஏந்தி வந்தார். இந்த முடிவைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையில் அவள் பெயருக்கு முன்னால் தன் பெயரைப் போட்டுக்கொண்டவர் அவர்.

"நம்ம ஆய்வுல வந்த வம்சமாம்மா! விடுவேனா?"

குட்டி தரையில் இறங்கி, முயல் மாதிரி பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தாவியது. அவள் எச்சில் எடுத்துச் சோதித்தாள். கோளாறின் இரண்டு பங்கும் இருந்தன.

இந்தமுறை எதையும் மறைக்கவில்லை. அந்தப் பலகை தன் அண்ணனுடையது என்பதையும் சொல்லிவிட்டாள். அவர் குட்டியின் காதை வருடினார்.

"இதெல்லாம் கட்டுரையில இருக்கா?"

"மூணாவது பக்கத்துல சார்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு, தன் கட்டுரையை முதல்முறையாக வாசிக்க உட்கார்ந்தார்.