எந்தக் காலு?

காலு என்றால் அந்த வீட்டில் இரண்டு அர்த்தம். ஒன்று, எல்லாருக்கும் இடுப்புக்குக் கீழே இருப்பது. இன்னொன்று, பாம்பூஃப்ளாட் ஜெட்டியிலிருந்து அகிலா பள்ளிக்கூடப் பைக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்த கறுப்பு நாய்க்குட்டி. ஜெட்டியில் வங்காளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர் என்று யார் பார்த்தாலும் அதை "காலு, காலு" என்றுதான் கூப்பிட்டார்கள். இந்தியில் கறுப்பன். அகிலாவின் அம்மா மரகதம், வீட்டுக்கு வந்த பிள்ளைக்குத் தமிழ்ப் பெயர் இருக்கட்டும் என்று "கருப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். குட்டி திரும்பியே பார்க்கவில்லை. "காலு" என்றதும் வால் ஆடியது. அதற்கு மேல் யார் என்ன செய்ய முடியும்?

எழுத்தில் பார்த்தால் கால் வேறு, காலு வேறு. பேச்சில்தான் வில்லங்கம். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகக் கால்வலி என்று சொன்னதில்லை. நாளெல்லாம் ஏணியில் நின்று வயரிங் வேலை பார்த்துவிட்டு வரும் சொக்கலிங்கம், "அப்பாடா, காலு ரொம்பப் படுத்துதுடி" என்று உட்காருவார். "எந்தக் காலுப்பா?" என்று உள்ளேயிருந்து அகிலாவின் குரல் வரும். பதின்மூன்று வருஷம் அரைத்த மாவு. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் மூன்று பேரும் சிரித்தார்கள்.

சிரிப்பில்லாத சண்டை ஒன்றும் உண்டு. மரகதத்துக்கு நாய் 'அவன்'. சொக்கலிங்கத்துக்கு 'அது'.

"நாயைப் போயி அவன் இவன்னுக்கிட்டு! ரேஷன் கார்டுலயும் பேரைச் சேத்துரு" என்பார்.

"சேத்தா என்ன? உங்களவிட அவன் சொன்ன பேச்சு கேக்குறான்."

வாய்தான் 'அது' என்றதே தவிர, மீன் வாங்கும்போது தலையைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லி வாங்கி வருகிறவர் அவர்தான். இதை மரகதம் ஒரு நாளும் சுட்டிக்காட்டியதில்லை. காட்டினால் மறுநாள் முதல் மீன்தலை வராது என்று அவளுக்குத் தெரியும்.

காலுவுக்குத் துணையாக லாலி என்று ஒரு செவலை இருந்தாள். போன மழைக்காலத்தில் சிறுநீரகம் கெட்டு, மருத்துவமனை மேசையிலேயே, மரகதத்தின் கைக்குள் தலையை வைத்தபடி செத்தாள். மரகதம் அழ அழ அந்த நாய் நடுங்கிக்கொண்டே போனது. அந்த நடுக்கம் அவள் உள்ளங்கையை விட்டு இன்னும் போகவில்லை. அகிலாவும் வேலைக்கென்று மெயின்லேண்டுக்குப் போய்விட்டாள். மிச்சம் காலு ஒருவன்தான். முகவாய் நரைத்து, கண்ணில் பால் படர்ந்து, காது மந்தமாகி, அடுப்படிக்கும் வாசலுக்கும் அவள் பின்னாலேயே இழுத்து இழுத்து நடந்தான்.

முதலில் முன்னங்காலை லேசாகத் தூக்கி வைத்தான். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவிவிட்டாள். பிறகு மூட்டுக்கு மேலே உருண்டையாக வீங்கியது. தொட்டால் கத்தினான். அவள் நீவிவிட்டதில்தான் வீங்கியதோ என்று ஒரு பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. அக்கரையில் லம்பா லைனில் இருக்கும் கால்நடை டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஹட்டி மே கேன்சர் ஹை. டாங் காட்னா படேகா" என்றார். மரகதம் இந்தத் தீவுக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. காய்கறிக்காரனிடம் அவள் பேசும் இந்திக்கு அவனே பின்வாங்குவான். ஆனால் அன்றைக்கு அவளுக்கு இந்தி மறந்துவிட்டது. "என்னங்க சொல்றாரு?" என்று புருஷனைக் கேட்டாள்.

"எலும்புல புத்து. காலை எடுக்கணுமாம்" என்றார் சொக்கலிங்கம்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். வயதான நாய். மயக்க மருந்து கொடுத்தால் திரும்ப எழுந்திருக்குமா என்பதற்கு கேரண்டி இல்லை. இது மட்டும் மரகதத்துக்கு நன்றாகவே புரிந்தது.

"வேண்டாம், விட்டுரலாம். இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார் சொக்கலிங்கம். ஃபெர்ரியில் வரும்போதெல்லாம் அதையே சொன்னார்.

"வலியில முனகுறானே, அது உங்க காதுல விழுதா இல்லையா? எடுத்துரச் சொல்லுங்க" என்றாள் மரகதம்.

சொன்னவள் அவள்தான். அதனால்தான் அறுவை நாளன்று பயம் அவளை அப்படி அறுத்தது. விதி வந்து கொண்டுபோனால் விதியைத் திட்டலாம். தன் வாயால் சொல்லி அனுப்பிவிட்டு யாரைத் திட்டுவது?

காலையில் சொக்கலிங்கம் ஒரு சரக்கு ஆட்டோ பிடித்து வந்தார். மரகதத்தின் பழைய பச்சைப் புடவையை மடித்து விரித்து அதன்மேல் காலுவைத் தூக்கி வைத்தார்கள். "நீ வராத. லாலிக்கு அழுத மாதிரி அழுவ. அது பயந்துரும்" என்றார். அவள் மறுக்கவில்லை. வண்டி நகர்ந்தபோது காலு தலையைத் தூக்கி, பால் படர்ந்த கண்ணால் அவள் நிற்கும் திசையைத் தேடினான். அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அவனும் இறங்கப் பார்த்திருப்பான், அவளும் போகவிட்டிருக்க மாட்டாள்.

பிறகு வீடு அவளைத் தின்றது. துலக்கிய பாத்திரத்தையே திரும்பத் துலக்கினாள். அடுப்படியில் திரும்பும்போதெல்லாம் காலடியில் அவன் இருப்பான் என்று பழக்கத்தில் காலை அகட்டி வைத்தாள். அவனுடைய தண்ணீர்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். கவிழ்த்தது அபசகுனமாகப் பட்டு, அவசரமாக நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றி வைத்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

போன் அடித்தபோது கை ஈரம். இரண்டு தரம் வழுக்கி, மூன்றாம் தரம்தான் பச்சைப் பொத்தான் நகர்ந்தது.

"மரகதம்..." என்றார் சொக்கலிங்கம். குரல் கம்மியிருந்தது. "காலு போச்சு..."

அதற்கு மேலும் அவர் ஏதோ சொன்னார். ஆனால் லம்பா லைனில் தலைக்கு மேலேதான் விமானம் இறங்கும். அந்த இரைச்சலில் மீதியெல்லாம் அடித்துக்கொண்டு போனது. "என்னங்க? என்னங்க?" என்று கத்தினாள். இரைச்சல் நின்றபோது போனும் நின்றிருந்தது. திரும்ப அடித்தால் சுவிட்ச் ஆஃப். அவருடைய போனில் காலையில் கொஞ்சம்தான் சார்ஜ் இருந்தது, அதைப் பார்த்தும் அவள் சார்ஜ் போடச் சொல்லவில்லை.

காலு போச்சு.

கால் போய்விட்டதா? காலு போய்விட்டானா?

குடையை எடுத்தாள், செருப்பை மாற்றிப் போட்டாள், கதவைப் பூட்டினாளா என்று தெரியாமலேயே ஜெட்டிக்கு ஓடினாள். ஜெட்டி முனையில் ரிஹானாவின் மளிகைக்கடை. காலுவுக்கு தினமும் தவறாமல் ஒரு ரொட்டி போடுகிறவள். மரகதத்தின் முகத்தைப் பார்த்ததுமே கல்லாவை விட்டு எழுந்து வந்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

மரகதம் சொன்னாள். ரிஹானா தன் போனிலிருந்தும் அடித்துப் பார்த்தாள். சுவிட்ச் ஆஃப்தான்.

"அண்ணன் 'போச்சு'ன்னா சொன்னாரு? நல்லா ஞாபகம் இருக்கா? 'போயிட்டான்'னு சொல்லலையே?"

"போச்சுன்னுதான் சொன்னாரு."

"அப்புறம் என்னக்கா! உயிர் போயிருந்தா போயிட்டான்னுல்ல சொல்லணும். போனது காலுதான். எடுக்கத்தானே கொண்டுபோனீங்க? எடுத்துட்டாங்க, அவ்வளவுதான்."

மரகதத்துக்கு ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. மறு நிமிஷமே போய்விட்டது.

"நான்தான்டி அவன்னு சொல்லுவேன். அவரு ஒரு நாளும் சொன்னதில்ல. அவருக்கு அது 'அது'தான்." என்றாள். "லாலி செத்தப்பவும் வெளிய வந்து அகிலாவுக்கு போன் போட்டு, 'லாலி போச்சும்மா'ன்னுதான் சொன்னாரு."

ரிஹானா "யா அல்லா" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதின்மூன்று வருஷமாக அவனா, அதுவா என்று போட்ட சண்டை. அதில் ஒரே ஒரு நாள் அவள் ஜெயித்திருந்தால் இன்று இந்த நரகம் இல்லை.

மழையால் ஃபெர்ரி தாமதமாக வந்தது. கயிறு கட்டும் ஆள் அவளைப் பார்த்ததும், "பாபி, காலு கைசா ஹை?" என்று கேட்டான். காலையில் அவன்தான் சரக்கு ஆட்டோவுக்குப் படகில் இடம் ஒதுக்கிக் கொடுத்தவன். எப்படி இருக்கிறான் என்றால் அவள் எதைச் சொல்வாள்? "தேக்னே ஜா ரஹி ஹூ" என்றாள். பார்க்கத்தான் போகிறேன். பார்க்க உயிரோடு இருக்கிறானா என்பதைக் கேட்க அவளுக்கே யாரும் இல்லை.

கரையை விட்டதும் அகிலாவிடமிருந்து போன். எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். கை எடுத்துவிட்டது.

"அம்மா, ஆபரேஷன் முடிஞ்சுதா?"

"அப்பா பேசுனாருடி."

"என்ன சொன்னாரு?"

"காலு போச்சுன்னாரு."

மெதுவாக, சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்ட அதே குரலில், அகிலா கேட்டாள்.

"எந்தக் காலும்மா?"

மரகதம் வாயில் முந்தானையை வைத்துப் பொத்திக்கொண்டாள். "தெரியலடி" என்றாள். "கட் ஆயிருச்சு. நான் போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்." துறைமுகத் தண்ணீர் மழையில் செம்மண் கலந்து கிடந்தது. அவ்வளவு தூரம்தான், தினமும் போய்வரும் தூரம்தான். அன்றைக்கு எதிரே இருக்கும் சாத்தம் கரை கிட்டவே வரமாட்டேன் என்றது.

சாத்தத்தில் ஆட்டோவில் ஏறியவள் கண்ணை மூடிக்கொண்டு முருகனிடம் பேரம் பேச ஆரம்பித்தாள். முருகா, காலு போனாப் போகட்டும், காலுவை விட்டுரு என்றாள். சொல்லி முடித்ததும் திக்கென்றது. கடவுளுக்கும் குழம்பிவிட்டால்? அவசரமாகத் திருத்தினாள். காலுன்னா நடக்குற காலு முருகா, அந்த முன்னங்காலு, வீங்கியிருக்கே, அதை எடுத்துக்கோ. நாயை எடுத்துராத. நாயை விட்டுரு. ஆட்டோக்காரன் கண்ணாடியில் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பார்த்தால் பார்க்கட்டும்.

லம்பா லைனில் மழை விட்டிருந்தது. மருத்துவமனை வாசல் பெஞ்சில் சொக்கலிங்கம் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் காலுவின் கழுத்துப் பட்டை. மடியில் அவளுடைய பச்சைப் புடவை, எதையோ வைத்துச் சுற்றிய மூட்டையாக.

மரகதம் வாசல் கேட்டிலேயே நின்றுவிட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நாய்க்குட்டியாக வந்தபோது பைக்குள் இருந்த அளவு இருந்தது அந்த மூட்டை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து வந்தார். அவள் பார்வை மூட்டையிலேயே நின்றது.

"இதுதான் மரகதம்" என்றார். "இதுதான் போச்சு. குப்பையில போட்டுருவோம்னாங்க. எனக்கு மனசு கேக்கல. லாலிக்குப் பக்கத்துல புதைச்சுரலாம்னு வாங்கிட்டேன். போன்ல அதான் சொன்னேன், கேக்கலையா?"

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கால். முன்னங்கால். அவள் எண்ணெய் போட்டு நீவிய கால்.

"அப்ப அவன்?"

சொக்கலிங்கம் கழுத்துப் பட்டையை விரலில் சுற்றினார், பிரித்தார்.

"இன்னும் முழிக்கல. எப்பவோ முழிச்சிருக்கணும்ங்கிறாரு டாக்டர். நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டேன். அசைவே இல்ல." என்றார். "எனக்குப் பயமா இருக்குடி."

முப்பது வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை. புயலுக்குப் பயந்ததில்லை, சுனாமி வந்தபோதுகூட வாசலில் நின்று கடலைத் திட்டியவர். அவள் குடையை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அதே மேசை. லாலி கிடந்த மேசை. காலு ஒருக்களித்துக் கிடந்தான். தோளில் பெரிய கட்டு. நாக்கு ஓரமாக வெளியே தொங்கியது. மூச்சு இருக்கிறதா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. மூக்கின் அருகே கையைக் கொண்டுபோனாள். மின்விசிறிக் காற்றா, மூச்சா என்று பிரித்தறிய முடியவில்லை. டாக்டர் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அழக்கூடாது. அழுதால் பயப்படுவான். குனிந்து, நல்ல காது எது என்று பார்த்து, அதனருகே வாயை வைத்தாள்.

"காலு."

ஒன்றுமில்லை.

"காலு. அம்மா வந்துருக்கேன்டா. காலு."

மேசையின் தகரத்தில் ஏதோ தட்டியது. ஒரே ஒரு தட்டு. மரகதம் நிமிரவே பயந்தாள். தான் கையை இடித்துக்கொண்டதாக இருக்கும் என்று நினைத்தாள்.

பின்னால் கதவோரம் மூட்டையோடு நின்றிருந்த சொக்கலிங்கம் கத்தினார்.

"ஆட்டுறான்! மரகதம், வாலைப் பாரு... அவன் ஆட்டுறான்டி!"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். புடவை மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த மனுஷன் குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார். "அதுவா, அவனா?" என்று கேட்க அவளுக்கு வாய் வரை வந்தது. கேட்கவில்லை. இன்னும் ஒரு தடவை ஆட்டுகிறானா என்று பார்க்க, குனிந்து மறுபடியும் கூப்பிட்டாள்.